தாய்லாந்தில் வேலை என்றால் எந்த விசா, யாருக்கு எது சரிப்படும்

தாய்லாந்துக்கு வேலை விஷயமாகக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை நாள் தருவாங்க?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது இரண்டு: சம்பளம் யார் தருகிறார்கள், அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் எந்த விசா என்பது பாதி முடிவாகிவிடும். நாள் கணக்கை மட்டும் பார்த்து விசா எடுத்தவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். பாங்காக்கில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு ஊழியர்களின் காகிதங்களைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன், அதனால் இதை அடித்துச் சொல்ல முடியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விசா வேறு, வொர்க் பெர்மிட் வேறு. விசா என்பது நாட்டுக்குள் வருவதற்கும் தங்குவதற்கும். உள்ளே வந்தபின் அதைப் பார்த்துக்கொள்வது குடிவரவுப் போலீஸ். வொர்க் பெர்மிட் வேலை செய்வதற்கு. அதைத் தருவது தொழிலாளர் அமைச்சகத்தின் வேலைவாய்ப்புத் துறை. பாஸ்போர்ட்டில் பிசினஸ் விசா ஒட்டியிருக்கிறதே, வேலை செய்யலாம்தானே என்று நினைத்தால் அது தப்பு. இரண்டு அலுவலகங்களும் தனித்தனி, ஒன்றில் வாங்கியதை இன்னொன்றில் காட்டித்தான் அடுத்ததை வாங்க வேண்டும்.

சரி, விசாவே எடுக்காமல் போவதிலிருந்து தொடங்குவோம். 2024 ஜூலை 15 முதல் 93 நாட்டுக்காரர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று அறிவித்தார்கள், அதில் இந்தியாவும் இலங்கையும் உண்டு. இந்த நாள் கணக்கைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சும் 2025 முதலே அங்கே அடிபடுகிறது, ஆகவே டிக்கெட் போடும் அன்றைக்குத் தூதரகத்தின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம் 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை வந்திருக்கிறது. எந்த விசாவாக இருந்தாலும் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். காசு கிடையாது, காசு கேட்கிற தளம் என்றால் உடனே மூடிவிடுங்கள்.

இப்படி வந்து கூட்டத்தில் உட்காரலாம், கண்காட்சிக்குப் போகலாம், ஆர்டர் பேசலாம், ஃபேக்டரியைச் சுற்றிப் பார்க்கலாம். இதெல்லாம் சட்டப்படி 'வேலை' ஆகாது. கையில் ஸ்பானரை எடுத்த நிமிடம் கதை மாறும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெஷினை விற்றுவிட்டு, அதைப் பொருத்திக் கொடுக்க சொன்புரியில் உள்ள ஃபேக்டரிக்கு ஒரு இன்ஜினியரை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் கோயம்புத்தூரில்தான் வருகிறது, இருப்பதோ பத்தே நாள். ஆனாலும் மெஷின் பொருத்துவது வேலை. இந்த மாதிரி ஆட்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது: 15 நாளுக்குள் முடிகிற அவசர வேலை என்றால், முழு வொர்க் பெர்மிட் தேவையில்லை, வேலையைத் தொடங்கும் முன்பே வேலைவாய்ப்புத் துறைக்கு எழுதித் தெரிவித்து ஒப்புகை வாங்கினால் போதும். விசா இல்லாமல் வருகிறவர்களும் இதைச் செய்யலாம். இவ்வளவு லேசான வழியை விட்டுவிட்டு, 'டூரிஸ்ட்' என்று சொல்லிக்கொண்டு ஃபேக்டரி உடுப்போடு நின்று சோதனையில் மாட்டியவர்களை எனக்குத் தெரியும். பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாட்டை விட்டு அனுப்புவது, அதற்குமேல் 2 வருஷத்துக்கு வொர்க் பெர்மிட் கிடையாது. வேலைக்கு வைத்த கம்பெனிக்கும் ஆளுக்கு 10,000 முதல் 1,00,000 பாட் வரை.

அடிக்கடி போய் வருகிற வியாபாரிகளுக்கு 'நான்-இமிகிரன்ட் பி' என்கிற பி விசாவை ஒரு வருஷத்துக்குப் பலமுறை நுழைவாக வாங்கலாம். 5,000 பாட்டுக்கு ஈடான கட்டணம், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 90 நாள். தாய்லாந்துக் கம்பெனியின் அழைப்புக் கடிதம் வேண்டும். வருஷத்துக்கு மூன்று தடவை ஒரு வாரம் போகிறவர் இதற்கு மெனக்கெட வேண்டாம், விசா இல்லாத நுழைவே தாராளம். மாதாமாதம் போகிறவருக்கு இதுதான் நல்லது, ஏனென்றால் விசா இல்லாமல் திரும்பத் திரும்ப நுழைகிற பாஸ்போர்ட்டைக் கவுன்டரில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இதைவிட வசதியாக, ஏபெக் எனப்படும் ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பின் வணிகப் பயண அட்டை உண்டு. 5 வருஷம் செல்லும், தாய்லாந்தில் ஒவ்வொரு தடவையும் 90 நாள். இந்தியாவும் இலங்கையும் ஏபெக்கில் இல்லாததால் நமக்கு அது வாய்க்கவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தாய்லாந்துக் கம்பெனி சம்பளம் தருகிறது என்றால் பி விசாவும் வொர்க் பெர்மிட்டும் சேர்ந்த பாதைதான், குறுக்கு வழி கிடையாது. முதலில் கம்பெனி வேலைவாய்ப்புத் துறையில் உங்கள் பெயருக்கு முன்னொப்புதல் வாங்கும். அதை வைத்து ஊரிலிருந்தே இ-விசா தளத்தில் விண்ணப்பிக்கலாம், சென்னையில் தாய்லாந்தின் துணைத் தூதரகம் இருக்கிறது. ஒருமுறை நுழைவுக்கு 2,000 பாட், 90 நாள் தங்கலாம். அந்த 90 நாளுக்குள் வொர்க் பெர்மிட் வாங்கி (ஒரு வருஷத்துக்கு 3,000 பாட், விண்ணப்பத்துக்கு 100), பிறகு குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டி ஒரு வருஷத்துக்கு நீட்டிக்க வேண்டும்.

கட்டணம் சின்னது, கம்பெனிக்கு உள்ள நிபந்தனைதான் பெரியது. ஒரு வெளிநாட்டவருக்கு 20 லட்சம் பாட் செலுத்தப்பட்ட மூலதனம், நான்கு தாய் ஊழியர்கள். இரண்டு பேரை எடுக்க வேண்டுமா, 40 லட்சமும் எட்டு பேரும். அந்த நான்கு பேர் நிஜமாகவே இருக்கிறார்களா என்று சமூகப் பாதுகாப்புச் சந்தா ரசீதையும் மாத வரிக் கணக்கையும் வைத்துச் சரிபார்ப்பார்கள். சம்பளத்துக்கும் அடிமட்டம் உண்டு: இந்தியர்களுக்கு மாதம் 35,000 பாட், மலேசியர், சிங்கப்பூரருக்கு 45,000. ஆகவே வேலைக்குக் கூப்பிடுகிற கம்பெனியிடம் சம்பளத்தைப் பேசுவதற்கு முன்பு "உங்களிடம் தாய் ஊழியர்கள் எத்தனை பேர், ஏற்கெனவே எத்தனை வெளிநாட்டவருக்குப் பெர்மிட் எடுத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. பதில் சொல்லத் தயங்குகிற கம்பெனிக்குப் போகாமலிருப்பது நல்லது.

ஒரு விண்ணப்பக் கட்டு எப்படியிருக்கும் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். பாஸ்போர்ட்டின் ஒவ்வொரு பக்க நகலிலும் உங்கள் கையெழுத்து. கம்பெனிக் காகிதம் ஒவ்வொன்றிலும் இயக்குநர் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும். அலுவலகம் எங்கே இருக்கிறது என்று வரைபடம். அப்புறம் புகைப்படங்கள்: கட்டடத்தின் முன்பக்கம், பெயர்ப்பலகை, உள்ளே ஊழியர்கள் மேஜையில் வேலை பார்க்கிறது, நீங்களும் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறது. பாங்காக்கின் சாங் வத்தனா குடிவரவு அலுவலகத்தில் ஒருமுறை அதிகாரி அந்தப் படத்தில் இருந்த தலைகளைப் பேனா முனையால் எண்ணினார், எங்கள் ஊழியர் ஒருவர் அன்றைக்கு லீவு, மூன்றுதான் வந்தது. "நாலாவது ஆள் எங்கே?" மறுநாள் வேறு படம் எடுத்துக்கொண்டு போனோம். மருத்துவச் சான்றிதழில் காசநோய், தொழுநோய், யானைக்கால் எல்லாம் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும், பக்கத்துக் கிளினிக்கில் வொர்க் பெர்மிட்டுக்கு என்றால் அவர்களுக்கே தெரியும். 2025 அக்டோபரிலிருந்து பெர்மிட் விண்ணப்பம் இணைய முறைக்கு மாறத் தொடங்கியிருக்கிறது. கட்டு மெலிந்தாலும் கேட்கிற விவரம் குறையவில்லை.

இதே பி விசா, கம்பெனி பிஓஐ எனப்படும் முதலீட்டு வாரியத்தின் சலுகை பெற்றதாக இருந்தால் ஆளே மாறியதுபோல இருக்கும். நான்குக்கு ஒன்று கணக்கு இல்லை, விசா நீட்டிப்பும் பெர்மிட்டும் ஒரே கூரையின் கீழ், பெரும்பாலும் ஒரே நாளில் முடியும். இரண்டு வேலை கையில் இருந்து, சம்பளம் ஏறக்குறைய ஒன்று என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு பிஓஐ கம்பெனியைத்தான் எடுப்பேன். கொஞ்சம் குறைவாகத் தந்தாலும்கூட.

இங்கே ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த விசா வைத்திருந்தாலும் வெளிநாட்டவர் செய்யவே கூடாத வேலைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. முடி திருத்துவது, சுற்றுலா வழிகாட்டி, தாய் மசாஜ் எல்லாம் அதில் உண்டு. ரத்தினக் கல் வெட்டுவதும் பட்டை தீட்டுவதும் அதில்தான் இருக்கிறது. சிலோம் மாரியம்மன் கோவில் பக்கத்திலும், வார இறுதியில் சந்தபுரிச் சந்தையிலும் கல் வாங்கி விற்கிற நம் ஆட்கள் பலர். கல்லை வாங்கலாம், விலை பேசலாம். ஆனால் ஊரில் தொழில் தெரிந்த பையனைக் கூட்டிவந்து பட்டைக் கல்லில் உட்காரவைக்க முடியாது, எவ்வளவு சம்பளம் காட்டினாலும் பெர்மிட் வராது.

இப்போது எல்லோரும் பேசுகிற டிடிவி, அதாவது 'டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா'. 2024 ஜூலையில் வந்தது. 10,000 பாட், 5 வருஷம் செல்லும், ஒரு தடவை நுழைந்தால் 180 நாள், வங்கியில் 5 லட்சம் பாட்டுக்கு ஈடான பணம் காட்ட வேண்டும், 20 வயது ஆகியிருக்க வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை செய்கிறவர், வெளிநாட்டு வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் டிசைனர், இவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. பி விசாவோடு வைத்துப் பார்த்தால் செலவும் அலைச்சலும் எங்கோ கீழே. ஆனால் தாய்லாந்துக் கம்பெனியிடம் ஒரு பாட் வாங்க முடியாது, உள்ளூர் வாடிக்கையாளருக்கு ஒரு லோகோ வரைந்து கொடுத்தாலும் அது பெர்மிட் இல்லாத வேலைதான். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: ஒரு காலண்டர் வருஷத்தில் 180 நாள் அங்கே இருந்துவிட்டால் வரிக்கு நீங்கள் தாய்லாந்துவாசி. 2024 ஜனவரி 1-க்குப் பிறகு வெளிநாட்டில் சம்பாதித்ததை உள்ளே கொண்டுவந்தால் அதற்கு அங்கே வரிக் கணக்கு காட்ட வேண்டும். ஐந்து மாதம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

எல்டிஆர் என்கிற பத்து வருஷ விசா 2022 செப்டம்பரில் வந்தது. கட்டணம் 50,000 பாட். முன்னிரண்டு வருஷமும் சராசரியாக ஆண்டுக்கு 80,000 டாலர் சம்பாதித்திருந்தால் இதைப் பற்றி யோசியுங்கள், இல்லையென்றால் பெரும்பாலும் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். தகுதி இருப்பவருக்கு மிக நல்லது: நான்குக்கு ஒன்று கணக்கு கிடையாது, பெர்மிட் டிஜிட்டலாக வரும், உயர்திறன் பிரிவில் சேர்ந்து தாய்லாந்தில் வேலை செய்தால் வருமான வரி 17 சதவீதத்தோடு நின்றுவிடும், குடிவரவு அலுவலகத்துக்கு முகவரி தெரிவிப்பதும் வருஷத்துக்கு ஒருமுறைதான்.

மற்றவர்களுக்கு முகவரி தெரிவிப்பது 90 நாளுக்கு ஒருமுறை. 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை அவகாசம், தவறினால் 2,000 பாட் அபராதம். அது போக, வீட்டுக்காரர் நீங்கள் குடிவந்த 24 மணி நேரத்துக்குள், நீங்கள் அங்கே தங்குவதை டிஎம் 30 என்கிற படிவத்தில் குடிவரவு அலுவலகத்துக்குப் பதிய வேண்டும். பதிந்தாரா என்று வாடகை ஒப்பந்தம் போடும்போதே கேட்டு ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நீட்டிப்புக்குப் போகும்போது அந்தச் சீட்டு இல்லாமல் திருப்பி அனுப்பியதுண்டு. ஒரு வருஷ நீட்டிப்பில் இருக்கிறவர் பொங்கலுக்கு ஊருக்குப் போவதென்றால் மறுநுழைவு அனுமதி கட்டாயம், ஒருமுறைக்கு 1,000, பலமுறைக்கு 3,800 பாட். அது இல்லாமல் விமானம் ஏறிய கணமே நீட்டிப்பு செத்துவிடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுவர்ணபூமி விமான நிலையத்திலும் அதை வாங்கலாம், ஆனால் பண்டிகைக் கூட்டத்தில் அதை நம்பிப் போகாதீர்கள்.

"விசா இல்லாமல் வந்துவிடு, உள்ளேயே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்கிற ஏஜென்ட்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளேயே மாற்ற வழி உண்டு, பொய்யில்லை. ஆனால் தங்கும் காலத்தில் குறைந்தது 15 நாள் மீதி இருக்க வேண்டும், கம்பெனிக் காகிதம் மொத்தமும் தயாராக இருக்க வேண்டும். எங்களிடம் சேர வந்த ஒரு தம்பியை அப்படித்தான் ஓர் ஏஜென்ட் ஏற்றி அனுப்பினார், பட்டச் சான்றிதழின் அசலை ஊரிலேயே பிடித்து வைத்துக்கொண்டு. அது கூரியரில் வந்து சேர்வதற்குள் நாள் போய்விட்டது. அவர் சென்னைக்குத் திரும்பி, முறையாக விண்ணப்பித்து, மறுபடி டிக்கெட் எடுத்து வந்தார். கடன் வாங்கி வந்த பிள்ளை அது, எனக்கு இன்னும் ஆறவில்லை. அசல் சான்றிதழை யார் கையிலும் விடாதீர்கள்.

வேலையை விடும்போதும் இந்த விசாக்களுக்கு நடுவே வித்தியாசம் பெரியது. டிடிவி-காரருக்கு ஊரில் உள்ள கம்பெனி மாறினால் விசா அப்படியே இருக்கும். பி விசா நீட்டிப்பில் இருப்பவருக்கு வேலை முடிகிற நாளே தங்கும் உரிமையும் முடிகிறது, கூட இருக்கிற மனைவி, பிள்ளைகளின் விசாவும் அதோடு சேர்ந்தே போகும். குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டிக் கேட்டால் கிளம்புவதற்கு 7 நாள் கிடைக்கும். அதற்குமேல் இருந்தால் நாளுக்கு 500 பாட், உச்சம் 20,000. பிள்ளை அங்கே பள்ளிக்கூடம் போகிறது என்றால் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்பே முதலாளியிடம் பேசி, கடைசி வேலை நாளைப் பள்ளி விடுமுறைக்குள் வருகிற மாதிரி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.