கோவம் வந்தா மண்டை ஓடு: பிளெட்சர் ஹேங்க்ஸ் காமிக்ஸ் தொகுப்பு

மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட்ல இந்த மாதிரி காமிக்ஸ் விக்கிற கடை எனக்குத் தெரிஞ்சு இல்ல, அதனால ஆன்லைன்லதான் வாங்குனேன், பார்சல் வந்தப்ப ஒரு மூலை நசுங்கி இருந்துச்சு, உள்ள பக்கம் எதுவும் கிழியல, அது போதும். புக் பேரு 'ஐ ஷல் டிஸ்ட்ராய் ஆல் தி சிவிலைஸ்ட் பிளானட்ஸ்', 2007ல பேன்டகிராஃபிக்ஸ் போட்டது, தொகுத்தவரு பால் கராசிக், அடுத்த வருஷமே காமிக்ஸுக்குக் குடுக்குற பெரிய விருதான ஐஸ்னர் விருது வாங்கிருச்சு.

வரைஞ்சவரு பிளெட்சர் ஹேங்க்ஸ். 1939ல இருந்து 1941 வரைக்கும்தான் காமிக்ஸ் பண்ணாரு, மொத்தம் 51 கதை, அப்புறம் ஆளையே காணோம். சூப்பர்மேனை உருவாக்குன ரெண்டு பேரும் அப்ப இருபதுகள்ல இருந்த பசங்க, இவருக்கோ அம்பது வயசு, தபால்ல கார்ட்டூன் படிச்சவரு. கதை, பென்சில், மை, எழுத்து எல்லாமே ஒரே கை. அதனாலதான் ஒவ்வொரு பக்கமும் ஒருத்தரோட கனவுக்குள்ள நேரா போய் விழுந்த மாதிரி இருக்கு.

ஸ்டார்டஸ்ட்னு ஒரு ஹீரோ, தோள் மலை மாதிரி, தலை மட்டும் சின்னது, நட்சத்திரத்துல உக்காந்து பூமிய பாத்துக்கிட்டே இருப்பாரு. வில்லனைப் பிடிக்கிறது ரெண்டு கட்டத்துல முடிஞ்சிரும், தண்டனைதான் பக்கம் பக்கமா போகும். ஒருத்தனை வெறும் தலையாக்கி, தலையே இல்லாத ஒரு ராட்சசன் மேல வீசுறாரு, அவன் உடம்பு அந்தத் தலைய அப்படியே உள்ள இழுத்துக்குது. படிச்சிட்டு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரல.

ஆனா எனக்கு உயிரு இவரோட இன்னொரு ஹீரோ ஃபேன்டோமாதான். 1940லயே வந்தவ, வொண்டர் உமனுக்கு முந்தி. காட்டைக் காக்குற அழகான பொண்ணு, எவனாச்சும் காட்டுல கைய வச்சா மூஞ்சி மண்டை ஓடா மாறிரும். ரப்பர் வெட்டுன எங்கம்மா எட்டிப் பாத்துட்டு "இது நம்ம காளியாச்சே"ன்னு சொன்னாங்க. சத்தியமா அதுதான் இந்த புக்கைப் படிக்க வேண்டிய வழி. கோர்ட்டும் கேஸும் இல்ல, தோட்டத்து எல்லையில நிக்கிற முனியாண்டி கிட்ட முறையிட்டா அவரு பாத்துக்குவாருன்னு நம்புறோமே, அந்த நியாயம்தான் இதுல இருக்கு. படம் சில இடத்துல கோணலாத்தான் இருக்கும், ஒரே போஸ் திரும்பத் திரும்ப வரும், அந்தக் கோணல்லதான் பயமே இருக்கு, சுத்தமா வரைஞ்சிருந்தா செத்துப் போயிருக்கும்.

கடைசில கராசிக் தானே வரைஞ்ச ஒரு கதை இருக்கு, அதைத் தவற விட்டுறாதீங்க. ஹேங்க்ஸோட மகனைத் தேடிப் போய் சந்திச்சது. ஹேங்க்ஸ் பெரிய குடிகாரராம், பெண்டாட்டி பிள்ளைய அடிச்சிருக்காரு, 1930ல விட்டுட்டே போயிட்டாரு, 1976ல நியூயார்க்ல ஒரு பார்க் பெஞ்சுல குளுர்ல விறைச்சுக் கிடந்திருக்காரு. தோட்டத்து லயத்துல சம்சு சாராயம் குடிச்சிட்டு வர்ற அப்பன் சைக்கிள் சத்தத்துக்கே ஒளிஞ்சு வளந்தவங்களுக்கு அந்தப் பக்கங்கள் வலிக்கும். அக்கிரமக்காரனை இப்படித் தண்டிச்சு வரைஞ்ச அதே கை வீட்டுல என்ன பண்ணுச்சுன்னு நினைச்சா மறுபடி முதல் கதைக்குப் போக மனசு வரல, போனேன், படம் இன்னும் பெருசாத்தான் தெரிஞ்சது.

சின்னப் பிள்ளைங்க கையில குடுக்காதீங்க, மத்தபடி தாராளமா வாங்குங்க. 51 கதையும் ஒண்ணா வேணும்னா 2016ல வந்த பெரிய தொகுப்பு இருக்கு.

நான் கதையச் சொல்லி முடிச்சதும் அம்மா கேட்டது ஒண்ணுதான், "அந்தப் பையன் என்னய்யா ஆனான்?" ரெண்டாம் உலகப் போர்ல இமயமலைக்கு மேல சீனாவுக்குச் சரக்கு விமானம் ஓட்டுனாரும்மான்னு சொன்னேன்.