முழுப் பெயிண்டா, டச்சப் போதுமா? காலியான வாடகை வீட்டில் ஒரு கணக்கு

குடியிருந்தவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனபின் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சுவர்தான். அலமாரி இருந்த இடம் ஒரு நிறம், சுற்றிலும் வேறு நிறம். ஆணி பிடுங்கிய ஓட்டைகள், சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கைபட்ட கறுப்பு. முழு வீட்டுக்கும் அடித்துவிடலாமா, பழுதான இடத்தை மட்டும் டச்சப் செய்தால் போதுமா என்ற கேள்வி அங்கேயே வந்துவிடும்.

டச்சப்புக்குச் செலவு குறைவு, ஒரே நாளில் முடியும். ஆனால் அது எல்லாச் சுவரிலும் எடுபடாது. ஒருமுறை மூன்று வருடம் முன்பு மிஞ்சிய அதே டப்பாவை எடுத்து, பன்னிரண்டு ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பிரஷால் தொட்டுவிட்டேன். சாயங்காலம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் பன்னிரண்டும் அம்மைத் தழும்பு மாதிரி தெரிந்தன. டப்பாவில் இருந்த பெயிண்ட் அப்படியேதான் இருந்தது. சுவர்தான் வெயிலிலும் தூசியிலும் மங்கிவிட்டது. போதாக்குறைக்கு, பிரைமர் என்கிற அடிப்பூச்சு போடாத பட்டி பெயிண்டை உறிஞ்சிக்கொண்டது. ரோலரில் அடித்த சுவரில் பிரஷ் கோடு தனியாகத் தெரிந்தது. பளபளப்பில்லாத மேட் பூச்சு என்றால் ஓரளவு மறைத்துவிடும். பளபளப்புள்ள பூச்சில் டச்சப் செய்ததை மறைப்பது கஷ்டம்.

இவை இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. மோசமான சுவரை மட்டும் எடுத்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முழுதாக அடிப்பது. அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் வெளிச்சம் வேறு மாதிரி விழுவதால், நிறத்தில் லேசான வித்தியாசம் இருந்தாலும் மூலையில் அது உறைக்காது. அறைக்கு ஒரு சுவர், மிஞ்சினால் இரண்டு. பெரும்பாலும் இதுவே போதும் என்பது என் கட்சி. அடித்து முடித்ததும் டப்பா மூடியில் நிற எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள்.

அப்படியானால் முழுப் பெயிண்ட் எப்போது? வீட்டுக்குள் புகை பிடித்திருந்தால் தப்பிக்க முடியாது. அந்த மஞ்சள் கறை சாதாரண எமல்ஷன் பெயிண்டைத் தாண்டி மேலே கசிந்து வரும். கறையைத் தடுக்கும் பிரைமர் முதலில் வேண்டும். பாதிக்கு மேல் சுவர்கள் கெட்டிருந்தாலும் பேசாமல் மொத்தமாக அடித்துவிடலாம்.

ஆனால் பெயிண்டருக்குக் கொடுக்கும் தொகை மட்டுமே செலவு அல்ல. ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 8 சதவீதத்துக்கு மேல் போச்சு. இரண்டு வாரம் இழுத்தால் கிட்டத்தட்ட 4 சதவீதம். பளிச்சென்று இருக்கும் வீட்டுக்குச் சீக்கிரம் ஆள் வரும் என்பதும் உண்மைதான். அந்தப் பளிச்சுக்கு எத்தனை நாள் கொடுக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

எந்த வழியானாலும் ஓதம் ஏறிய சுவரைத் தொடாதீர்கள். உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்புளமாக எழும்பியிருந்தால் உள்ளே எங்கோ தண்ணீர் இருக்கிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, சுவர் காயும் வரை பொறுக்க வேண்டும். மேலே அடித்து மூடினால் புதிதாக வந்தவர் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் உரிந்துவிடும், அப்புறம் தினம் போன்தான்.

சரி, நாமே செய்வதா, ஆளை விடுவதா? மின்சார வேலை என்றால் யோசிக்காமல் ஆளை விடுங்கள். சமையலறைத் தொட்டி ஓரத்தில் கறுத்துப்போன சிலிக்கோன் பசையை மாற்றுவதை நாமே செய்யலாம். பழையதைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அதன் மேலேயே புதிதைப் பூசினால் ஒட்டாது. பூசியபின் ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. குளியலறை கழுவும்போது பிளீச்சோடு ஆசிட்டையோ வினிகரையோ சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கழுவுவதெல்லாம் பெயிண்ட் வேலை முடிந்த பிறகுதான். முன்பே கழுவினால் இரண்டு தடவை கழுவ வேண்டியிருக்கும்.

பூட்டு விஷயத்தில் பெரிய அலசல் தேவையில்லை. பழைய சாவிக்கு எத்தனை நகல் ஊரில் சுற்றுகிறதோ, யாருக்குத் தெரியும்? சிலிண்டர் வகைப் பூட்டு என்றால் சாவி நுழையும் சிலிண்டர் பகுதியை மட்டும் மாற்றினால் போதும், கதவை வெட்டிக் குடைய வேண்டாம்.

எல்லாம் முடித்துப் பூட்டிவிட்டு வருவதா, வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பதா என்பது கடைசிக் கேள்வி. நான் ஒருமுறை பூட்டிவிட்டு வந்துவிட்டேன். சில வாரம் கழித்து வீடு பார்க்க வந்த தம்பதி, புதுப் பெயிண்ட் அடித்த கூடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். குளியலறைத் தரையில் இருக்கும் வடிகால் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடை வாடையை மேலே வரவிடாமல் தடுக்கும். யாரும் புழங்காததால் அது வற்றிப்போயிருந்தது. இப்போதெல்லாம் காலி வீட்டைத் திறந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் சுவரைப் பார்க்கிறேன்.