விமானத் தூரக் கணிப்பான்: ஏழு வருடம் பயன்படுத்திய பிறகு

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இடையில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எத்தனை மணி நேரம் என்று சொல்லும் தளங்களை ஏழு வருடமாகப் பயன்படுத்துகிறேன். வேலை நிமித்தமாக வருடத்துக்கு நாலைந்து நீண்ட பயணங்கள். தளம் சொன்ன நேரம், விமானம் உண்மையில் எடுத்துக்கொண்ட நேரம் இரண்டையும் ஆரம்பத்திலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்: தூரத்தை நம்பலாம், நேரத்தை அப்படியே நம்பக் கூடாது.

தூரத்தில் எனக்குக் குறையே இல்லை. பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய பாதையை இவை கணக்கிடுகின்றன. லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே.வுக்கு எதில் பார்த்தாலும் சுமார் 5,540 கி.மீ. வரும். மைலில் போட்டிருந்தால் மட்டும் அது சாதாரண மைலா, கடல் மைலா என்று பாருங்கள். கடல் மைல் என்றால் 1.852 கி.மீ.

நேரம்தான் சிக்கல். நான் பயன்படுத்திய தளங்கள் தூரத்தை ஒரே சராசரி வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்துவிடுகின்றன. அதனால் போகும்போதும் வரும்போதும் ஒரே விடைதான். வானத்தில் அப்படி இல்லை. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. லண்டனிலிருந்து நியூயார்க் போக அட்டவணையில் எட்டு மணி நேரம் என்றால், திரும்பி வர ஏழுதான். 2020 பிப்ரவரியில் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள்ளேயே லண்டன் வந்து சேர்ந்தது.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ஒரு தடவை தவறு செய்தேன். அம்மா முதல் முறையாகத் தனியாக வந்தார். விமானம் கிளம்பிய நேரத்தோடு தளம் சொன்ன மணிக்கணக்கைக் கூட்டி, அதற்குத் தகுந்தபடி வீட்டை விட்டுப் புறப்பட்டேன். பின்னாலிருந்து காற்று தள்ளியதில் விமானம் 50 நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது, பெட்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலை செய்யாத கைபேசியோடு வாசலையே பார்த்து நின்றிருந்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அப்புறம் யாரை அழைக்கப் போனாலும், அதே எண்ணுள்ள விமானம் கடந்த ஒரு வாரத்தில் எத்தனை மணிக்கு இறங்கியது என்று விமானக் கண்காணிப்புத் தளத்தில் பார்த்துவிடுகிறேன்.

வான்வழி மூடல்களும் கணிப்பானுக்குத் தெரியாது. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து பதின்மூன்றுக்குப் போனது. கணிப்பானில் தூரம் அதேதான்.

இருந்தாலும் கணிப்பானை நான் விடவில்லை. நடுவில் விமானம் மாற வேண்டிய பயணங்களுக்கு இது அருமையான உதவி. இரண்டு கட்டங்களின் தூரத்தைக் கூட்டி நேர்த் தூரத்தோடு ஒப்பிடுவேன். பத்து சதவீதம்தான் கூடுகிறது என்றால் அந்த வழியை எடுக்கலாம். முப்பதைத் தாண்டினால், டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேறு ஊர் வழியாகத் தேட ஆரம்பித்துவிடுவேன்.