பின்பல்டி: டிராம்போலினில் பழகுவதா, தரையில் பழகுவதா?

பின்பல்டி, அதாவது எழும்பிப் பின்பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுழன்று காலில் இறங்குவது. அதைக் கற்க இரண்டு வழிகள் உண்டு. டிராம்போலினில் (ஸ்பிரிங்கில் இழுத்துக் கட்டிய துள்ளும் விரிப்பில்) பழகிக்கொண்டு பிறகு தரைக்கு வருவது ஒன்று. முதல் நாளிலிருந்தே மெத்தை விரித்த தரையில், பயிற்சியாளர் ஒரு கையை இடுப்புக்குப் பின்னாலும் மறு கையைத் தொடைக்குப் பின்னாலும் கொடுத்துத் தாங்க, பழகுவது இன்னொன்று. நான் நான்கு மாதம் டிராம்போலினில் பழகிவிட்டுத் தரைக்கு வந்தவன். இன்று யார் கேட்டாலும் தரையிலேயே தொடங்கச் சொல்வேன்.

டிராம்போலினில் பயம் சீக்கிரம் போய்விடும், முழங்காலும் அதிகம் வலிக்காது. அதெல்லாம் சரி. சிக்கல் எழும்பும் கணத்தில் இருக்கிறது.

கால் தரையை விட்டபின் உடலின் சுழல் உந்தத்தை, அதாவது உடல் சுழல்வதற்குக் கிடைத்த உந்துதலை, கூட்ட முடியாது. முழங்காலை நெஞ்சோடு இழுத்துச் சுருண்டால் இருக்கிற உந்தத்திலேயே வேகமாகச் சுழலலாம், அவ்வளவுதான். அதாவது எவ்வளவு உயரம், எவ்வளவு சுழற்சி என்பதெல்லாம் கால் ஊன்றியிருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. தரையில் 50 சென்டிமீட்டர் எழும்பினால் காற்றில் கிடைப்பது ஏறத்தாழ 0.64 நொடி. டிராம்போலினில் ஒன்றரை மீட்டர் எழும்பினால் 1.1 நொடி. அந்தக் கூடுதல் நேரம் எழும்புவதில் உள்ள தப்பை மூடி மறைத்துவிடும்.

என் தப்பு, எழும்பும்போதே தலையைப் பின்னால் வீசியது. அப்படி வீசினால் முதுகு வளையும், மேலே போக வேண்டிய விசை பின்பக்கம் போய்விடும். டிராம்போலினில் அப்படியும் காலில்தான் இறங்கினேன், அதனால் கற்றுவிட்டதாகவே நம்பினேன். தரையில் முதல் முறை செய்தபோது கையும் முழங்காலும்தான் முதலில் தரையைத் தொட்டன. பயிற்சியாளரின் கை இல்லாமல் இருந்திருந்தால் தலையே தொட்டிருக்கும்.

பழக்கத்தை மாற்ற இரண்டு மாதம் ஆனது. இடுப்பளவு அடுக்கிய மெத்தைக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைக் காதோரமாக மேலே வீசி, கண்ணை எதிர்ச்சுவரில் வைத்தபடி எழும்பி, மெத்தைமேல் முதுகு படிய விழுவேன். பல்டியே கிடையாது, வெறும் எழும்பல்தான். உடல் முழுதாக நிமிர்ந்து மேலே போன பிறகே முழங்கால் நெஞ்சுக்கு வர வேண்டும் என்பது இதில்தான் உடம்புக்குப் புரிந்தது. தரையில் தொடங்கியவர்களுக்கு இது முதல் வாரத்துப் பாடம்.

முறுக்குப் பல்டி, இரட்டைப் பல்டி பக்கம் நான் போனதில்லை. காற்றில் கூடுதல் நேரம் தேவைப்படும் அவற்றுக்கு டிராம்போலின் பொருத்தமாக இருக்கலாம். அப்புறம், தரை வழி என்று நான் சொல்வது தாங்கத் தெரிந்த பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே. அப்படி யாரும் இல்லாதவர்கள் அந்த மெத்தை அடுக்குப் பயிற்சியோடு நின்றுகொள்ளுங்கள்.