காதுக்கு டைட்டானியமா, சொந்த எலும்பா, மெஷினா: உப்புக் காற்றில் எது தாங்குகிறது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாம்பன் கரையில் ஒரு நாள் காலையில் நான் என்னையே எதிர்த்து ஏலம் கேட்டேன். கருவாட்டுக்காகக் காரல் ஒரு குவியல். நான் விலை சொன்னேன், வலது பக்கம் நின்ற ஏலக்காரர் அதையே திருப்பிக் கூவினார், யாரோ போட்டிக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து நூறு ரூபாய் ஏற்றினேன், அதையும் அவர் கூவ, மறுபடி ஏற்றினேன். பெட்டி தூக்குகிற பையன்கள் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது. ஒரு காது போனால் சத்தம் குறைவது பாதிக் கஷ்டம்தான்; அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் போவது மீதிப் பாதி.

வலது காதில் சின்ன வயசிலிருந்தே சீழ். தென்கடலில் குளித்துவிட்டு வந்தால் ஒழுகும், அப்பத்தா எண்ணெய் காய்ச்சி ஊற்றும் (தயவுசெய்து ஊற்றாதீர்கள்), பத்து நாளில் நிற்கும், அடுத்த சளிக்கு மறுபடி ஒழுகும். மதுரையில் பார்த்த டாக்டர் ஒரு இசைக்கவையைத் தட்டிக் காதுக்கு நேராகப் பிடித்தார், ஒன்றும் இல்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினார், வல்லத்தில் எஞ்சின் ஓடுகிற மாதிரி உள்ளே இரைந்தது. நரம்பு நல்லா இருக்கு, வழியில்தான் ஏதோ அறுந்திருக்கு என்றார். செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்பு கோத்த மாதிரி இருக்கும். நடுவில் இருக்கிற பட்டடையின் நீண்ட காலுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் வருஷக்கணக்கில் சீழ் பிடித்தால் முதலில் அரிப்பது அதுதான். எனக்கும் அதுதான் அரித்திருந்தது, கூடவே செவிப்பறையில் ஓட்டை.

எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது, மூன்றுக்கும் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. காதுக்கு வெளியே மாட்டுகிற கேட்கும் மெஷின் போட்டது அத்தை. சொந்த எலும்பையே செதுக்கி வைத்துக்கொண்டது சித்தப்பா மகன், தம்பி முறை. போன எலும்புக்குப் பதிலாக டைட்டானியத் துண்டு வைத்துக்கொண்டது நான். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று உங்களுக்கே தெரியும்.

மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். கத்தி இல்லை, மயக்கம் இல்லை, மாட்டிய அன்றைக்கே கேட்கும். எங்கள் மாதிரி நரம்பு நன்றாக இருந்து வழி மட்டும் அடைபட்டவர்களுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது, சத்தத்தைக் கூட்டினால் போதும், தெளிவு தானே வருகிறது. ஆனால் ஒழுகுகிற காதில் மெஷினோடு வருகிற காது அச்சை வைத்து அடைத்தால் உள்ளே புழுங்கி இன்னும் ஒழுகும். அதற்கென்று மண்டை எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து அதன் மேல் மாட்டுகிற வகை ஒன்றும் உண்டு, சுவீடனில் 1977-லேயே ஆரம்பித்தது. அங்கே உலோகம் எலும்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும், என் காதில் வைத்ததோ பக்கத்து எலும்பில் எதிலும் ஒட்டாமல் ஆட வேண்டும். ஒரே உலோகத்துக்கு இரண்டு எதிர் வேலை.

தம்பிக்குப் பட்டடையின் நுனி மட்டும்தான் போயிருந்தது. அதை வெளியே எடுத்து, சின்ன டிரில்லால் செதுக்கி, குழி தோண்டி, அங்கவடி மேல் தொப்பி மாதிரி உட்கார வைத்துவிட்டார்கள். பொருளுக்குத் தனிச் செலவு கிடையாது, சொந்த எலும்பை உடம்பு வெளியே தள்ளுவதும் அபூர்வம். ஒன்பது வருஷம் ஆகிறது, ஓடுகிறது. ஆனால் எலும்பு கொஞ்சமாவது உருப்படியாக மிச்சம் இருந்தால்தான் இது. கொலஸ்டியடோமா என்கிற, தோல் உள்ளே வளர்ந்து எலும்பைத் தின்கிற வகை இருந்தால், அரிபட்ட எலும்பைத் திருப்பி வைக்கத் தயங்குவார்கள், அந்தத் தோல் அதில் ஒளிந்திருக்கலாம். சில சமயம் செதுக்கி வைத்த எலும்பு பக்கத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஆடாமல் நின்றுவிடும், அப்போது கேட்கும் திறன் மறுபடி இறங்கும்.

என் பட்டடையில் செதுக்க ஒன்றும் இல்லை. அதனால் பாதி முடிவு எனக்காகவே எடுக்கப்பட்டது என்றும் சொல்லலாம்.

டைட்டானியத் துண்டு அரிசி மணியைவிட இலேசு, சில மில்லிகிராம்தான். ஒரு பக்கம் சின்னத் தட்டு, நடுவில் கம்பி, மறுபக்கம் அங்கவடியின் தலையைக் கவ்வுகிற கிண்ணம். அங்கவடி முழுசாக இருந்தால் வைப்பதைப் போர்ப் என்கிறார்கள், அதன் வளைவும் போய் அடித்தட்டு மட்டும் மிச்சம் என்றால் நீளமான டோர்ப். தட்டு நேரே செவிப்பறையில் உரசினால் நாளாவட்டத்தில் பறையை அரித்து வெளியே வந்துவிடும், அதனால் காதுத் துளைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற குருத்தெலும்பில் ஒரு சீவல் எடுத்து நடுவே வைக்கிறார்கள். என் முகத்தில் அறுவையின் அடையாளம் அந்த ஒன்றுதான், சலூன்காரர் மட்டும் கண்டுபிடித்தார்.

சரி, கேட்கிறதா? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். காற்று வழியாகக் கேட்பதற்கும் எலும்பு வழியாகக் கேட்பதற்கும் உள்ள இடைவெளியை டெசிபலில் அளக்கிறார்கள், அது 20-க்குள் வந்துவிட்டால் தேறியதாகக் கணக்கு. போர்ப் வைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் அந்தக் கோட்டுக்குள் வருகிறார்கள், டோர்ப் என்றால் ஏறத்தாழப் பாதிப் பேர், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக் கணக்கிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எனக்கு 40-ல் இருந்த இடைவெளி ஆறு மாதத்தில் 17 ஆனது, இப்போது 19. முழுக் காது என்று சொல்ல முடியாது. கச்சான் காற்று அடிக்கும்போது நாலு பேர் சேர்ந்து பேசினால் இன்னமும் தலையைத் திருப்புகிறேன். ஆனால் ஏலத்தில் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிகிறது, எனக்கு அது போதும். தம்பியின் இடைவெளியும் கிட்டத்தட்ட இதே அளவுதான், பொதுவாகவும் செதுக்கிய எலும்புக்கும் டைட்டானியத்துக்கும் கேட்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. எந்தப் பொருள் என்பதைவிட, சுத்தியின் கைப்பிடி மிச்சம் இருக்கிறதா, காது காய்ந்திருக்கிறதா, மூக்குக்கும் காதுக்கும் நடுவில் உள்ள குழாய் திறந்து மூடுகிறதா, இதெல்லாம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. டைட்டானியம் என்றாலே கூர்மையாகக் கேட்கும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

அப்படியானால் எதற்கு இவ்வளவு பேச்சு என்றால், பராமரிப்புக்காகத்தான். அதிலும் எங்கள் கரையில் பராமரிப்பு.

அத்தை பாம்பன் பக்கம் சின்னப்பாலம் ஊரில் மரிக்கொழுந்து என்கிற கடல்பாசி எடுக்கப் போகிறவர். தண்ணீரில் இறங்குவதற்கு முன் மெஷினைக் கழற்றித் தூக்குவாளிக்குள் ஒரு பவுடர் டப்பாவில் போடுவார், டப்பாவுக்குள் செருப்புப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று. கரையேறினால் உடனே மாட்ட முடியாது, தலை காய வேண்டும். ஆக, வேலை நேரம் முழுக்க, பக்கத்தில் இருக்கிறவள் பெரிய அலை வருது என்று கத்துகிற நேரம் உட்பட, காதில் மெஷின் கிடையாது. பேட்டரி காற்றை உறிஞ்சி ஓடுகிற துத்தநாக வகை, ஒட்டியிருக்கிற டேப்பை உரித்து ஒரு நிமிஷம் வைத்துவிட்டுத்தான் போட வேண்டும், உரித்துவிட்டால் போட்டாலும் போடாவிட்டாலும் தீர ஆரம்பித்துவிடும். ஒரு வாரம், பத்து நாள். உப்பும் வியர்வையும் சேர்ந்து பேட்டரி உட்காரும் தகட்டில் பச்சை பூத்துவிடும், அத்தை அதைத் துணி சுற்றிய பல்குத்தும் குச்சியால் சுரண்டுவார். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சர்வீஸ், மதுரைக்குப் போக வர ஒரு நாள், அந்த நாள் பாசிக் கூலி போச்சு. மெஷினின் விலையை எல்லோரும் கேட்கிறார்கள், இந்தக் கூலியை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

டைட்டானியம் துருப்பிடிக்காது என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் இங்கே அது பேச்சே இல்லை, செவிப்பறை மூடியிருந்தால் கடல் தண்ணீர் அந்தப் பக்கம் எட்டியே பார்க்காது. என் லாபம் ஓட்டை மூடியதில், உலோகம் அதோடு சேர்ந்து வந்தது. இப்போது நான் கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை, சார்ஜ் இல்லை, பேட்டரி இல்லை. வலை இழுக்கிறவர்களோடு நனைந்துகொண்டே பேசலாம்.

அதற்கென்று சும்மா விட்டுவிடுகிற சமாச்சாரமும் இல்லை. முதல் சில வாரம் காதுக்குள் அடைப்பு, மூக்கை அழுத்திச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலைக்குத் தண்ணீர் என்றால் வாஸ்லின் தடவிய பஞ்சு. நாக்கின் ஒரு பக்கம் இரண்டு மாதம் இரும்புச் சுவை, ருசி நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது, மீன்குழம்பு கூட ஆணி நக்கிய மாதிரி இருந்தது. இன்றைக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் காட்டுகிறேன். மூச்சடக்கி ஆழம் இறங்குவது மட்டும் நிரந்தரமாகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், காதை ஊதித் திறக்கும்போது உள்ளே உள்ளது நகர்ந்துவிடலாம். சங்கு குளிக்கிறவர்கள் இதை முதலிலேயே பேசிவிடுங்கள். தம்பி சங்குக்குப் போய்க்கொண்டிருந்தவன், சொந்த எலும்பு வைத்தும் அவனுக்கு இதே தடைதான், இப்போது நண்டு எடை போடுகிறான்.

செலவு: அறுவைக்கு மேல் டைட்டானியத்துக்குத் தனிப் பில், வல்லத்து எஞ்சினை இறக்கிப் பார்க்கிற அளவு. காப்பீட்டு அட்டையில் அறுவை சேர்கிறதா, துண்டும் சேர்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், நான் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு முழித்தேன்.

என் காதுக்கு வயசு மூன்றுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் துண்டு வருஷம் கழித்தும் நகரலாம், வெளியே வரலாம், செவிப்பறை உள்ளே இழுக்கலாம், அப்போது மறுபடி திறக்க வேண்டியிருக்கும். தம்பியின் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் மூன்று நிற்காது. செதுக்குகிற அளவு எலும்பு இருந்திருந்தால் நானும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். எலும்பு இல்லை, காது காய்ந்திருக்கிறது, அங்கவடி நிற்கிறது என்றால் டைட்டானியத்துக்குப் போங்கள். காது இன்னும் ஒழுகுகிறது என்றால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள், சில டாக்டர்கள் காதைச் சுத்தம் செய்து மூடிவிட்டு, மாதங்கள் கழித்துத்தான் எலும்பு வேலைக்கு வருகிறார்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது துண்டின் பெயரும் அளவும் எண்ணும் அச்சடித்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். டைட்டானியம் என்றால் எம்ஆர்ஐக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை, ஆனால் உள்ளே இருப்பது அதுதான் என்று ஸ்கேன் எடுக்கிறவருக்குக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். என்னுடையது ரேஷன் கார்டு உறைக்குள், ஒரு ஓரம் கருவாட்டு எண்ணெய் பட்டு, எண் மட்டும் தெளிவாக இருக்கிறது.