ஸ்கிரைபஸ் 1.6: ஓர் ஆண்டு மலரை அச்சுக்கு அனுப்பிய அனுபவத்தில் ஒரு மதிப்புரை

கடலூரில் ஒரு பள்ளியின் ஆண்டு மலரைப் பக்க வடிவமைப்பு செய்து, புதுச்சேரியில் உள்ள ஓர் ஆஃப்செட் அச்சகத்துக்கு அனுப்பும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்தது. ஏ4 அளவில் 64 உள்பக்கங்கள்; அவற்றுள் 16 பக்கங்கள் மல்டிகலர், மற்றவை சிங்கிள் கலர்; அட்டை தனி. வேலை முழுவதையும் ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் 1.6 பதிப்பிலேயே செய்து முடித்தேன். தமிழில் மலர், சிற்றிதழ், சிறு நூல் முதலியவற்றைக் குறைந்த செலவில் அச்சுக்குத் தயார் செய்ய நினைப்பவர்களுக்கு இந்த அனுபவம் பயன்படும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முன்பு நான் பட்ட ஒரு துன்பத்தைச் சொன்னால்தான் இந்த மென்பொருளில் நான் எதைத் தேடினேன் என்பது விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழா மலரை வேறொரு மென்பொருளில் அமைத்து, எழுத்துருக்களையும் சேர்த்து ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். அங்கே கோப்பைத் திறந்த கணினியில் அதே எழுத்துருவின் வேறு பதிப்பு இருந்திருக்கிறது. வரிகள் நகர்ந்தன, சில தலைப்புகளில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. பிளேட் (அச்சுத் தகடு) போட்டு அச்சடித்து முடித்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. நான் திரையில் பார்த்த பக்கம் என் கணினியை விட்டு வெளியேறிய பிறகு எவர் கையிலும் மாறாமல் பிளேட் வரை போய்ச் சேர வேண்டும் என்பதே அன்றிலிருந்து என் ஒரே தேவை. அந்த அளவுகோலை வைத்தே ஸ்கிரைபஸை மதிப்பிடுகிறேன்.

முதலில் தமிழ் எழுத்து. ஒருங்குறியில் (யூனிகோடில்) ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறியீடுகளாகவே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைத்துக் காட்டுவது எழுத்துருவும் மென்பொருளில் உள்ள எழுத்து வடிவமைப்புப் பொறியும் சேர்ந்து செய்யும் வேலையாகும். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் ஒருங்குறித் தமிழ் உருப்படாமல் போனதற்கும், நம் டிடிபி மையங்கள் நெடுங்காலம் பாமினி போன்ற பழைய எழுத்துமுறைகளையே பிடித்துக்கொண்டிருந்ததற்கும் காரணம் இதுதான். ஸ்கிரைபஸின் 1.4 வரிசையிலும் இந்தக் குறை இருந்தது. சோதனைப் பதிப்புகளான 1.5 வரிசையில் ஹார்ஃப்பஸ் என்ற பொறியைச் சேர்த்தார்கள். அதன் பயனை நிலையான வெளியீடாகப் பெற 2024 ஜனவரியில் வந்த 1.6.0 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் அமைத்த 64 பக்கங்களிலும் கொம்பு பிறழ்ந்த இடம் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகிய கூட்டெழுத்துகளும் சரியாகவே வந்தன. முன்பு 1.4 பதிப்பைப் பார்த்துவிட்டு ஒதுக்கியவர்கள் இதற்காகவே மீண்டும் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

ஆசிரியர்கள் அனுப்பிய கட்டுரைகளில் ஏறக்குறைய பாதி பாமினியில் இருந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் வேலை ஸ்கிரைபஸுக்கு வெளியே நடப்பது. ஆயினும் மாற்றிய பிறகு ‘ஔ’ என்ற ஓர் எழுத்து வரவேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் தனித்தனியே நிற்கின்றனவா, துணைக்கால் நிற்கவேண்டிய இடத்தில் ரகரம் புகுந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டே பக்கத்தில் இட வேண்டும். அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிவதால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்கு இவை தப்பிவிடும்.

இருபுறமும் சமன் செய்த பத்திகளில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் மூன்று சொற்கள் மட்டும் அமர்ந்து நடுவே பெரும் பள்ளங்கள் விழும். சொல் இடைவெளி எவ்வளவு வரை குறையலாம், எழுத்துகள் எத்தனை விழுக்காடு வரை அகலலாம் என்று பத்திப் பாணியிலேயே வரையறுக்க ஸ்கிரைபஸ் இடம் தருகிறது. எழுத்தை அகலப்படுத்துவதை 2 விழுக்காட்டுக்கு மேல் நான் அனுமதிக்கவில்லை. அதற்கு மேல் போனால் ஒரே பத்தியில் இரண்டு எழுத்துருக்களைக் கலந்ததுபோல் தோன்றுகிறது. இவ்வளவு செய்தும் பக்கத்தை நெடுக்காக மூன்று பத்திகளாகப் பிரித்த அமைப்பு சரிப்படாமல், இறுதியில் இரண்டு பத்தியாக்கினேன்.

இனி நிறம். இந்த மென்பொருளின் வலிமை இதில்தான் இருக்கிறது. அச்சு இயந்திரத்தில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளே உள்ளன. திரையின் ஒளியில் தெரியும் நீலமும் பச்சையும் அந்த மைகளுக்கு முழுமையாக எட்டுவதில்லை. வெள்ளிக் கடற்கரையில் மாணவர்கள் எடுத்த கடல் படத்தைப் பின்னட்டையில் முழுப் பக்கமாக வைத்திருந்தோம். திரையில் பளீரென்ற நீலமாக இருந்தது, நிற மேலாண்மையை இயக்கி அச்சில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் நிற விவரக் கோப்பைத் தேர்ந்ததும், சற்றே மங்கி ஊதாச் சாயல் காட்டியது. அதிர்ச்சியாக இருந்தாலும் அந்தக் காட்சிதான் உண்மைக்கு நெருக்கமானது. அட்டை அச்சாகி வந்த பிறகு பெரியவர்கள் கேள்வி கேட்பதைவிட, ஓவிய மென்பொருளான கிருத்தாவில் படத்தைத் திறந்து மெஜந்தாவைக் குறைத்துச் சரிசெய்துகொள்ளும் வாய்ப்பு அச்சுக்கு முன்பே கிடைப்பது பெரிது. ஆனால் இந்த நிற மேலாண்மை தொடக்கத்தில் அணைந்தே இருக்கும்; ஆவண அமைப்பில் போய் நாமே இயக்க வேண்டும். இயக்காவிட்டால், அச்சுக்கென்றே வகுத்த பிடிஎஃப் எக்ஸ் வகைகளைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. புதிதாகப் பயன்படுத்துபவர் பலர் இந்த இடத்திலேயே குழம்பிப் பின்வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். எந்த நிற விவரக் கோப்பைத் தேர்வது என்பதை அச்சகத்தாரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். தங்களுக்கென்று தனிக் கோப்பு இல்லை என்று அவர்கள் சொன்னதால், பூச்சுள்ள ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா 39 என்ற அச்சு நிறத் தரவையும், பூச்சற்ற மேப்லித்தோ தாளுக்கு ஃபோக்ரா 47-ஐயும் அடிப்படையாகக் கொண்ட கோப்புகளைப் பயன்படுத்தினேன். இரண்டு தாளுக்கும் தனித்தனி ஆவணங்களாகவே வேலையைப் பிரித்துக்கொண்டேன்.

அச்சு முன்னோட்டம் என்ற வசதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு மைகளையும் தனித்தனியே அணைத்தும் இயக்கியும் பக்கத்தைப் பார்க்கலாம். சிங்கிள் கலர் பக்கங்களில் கறுப்பை மட்டும் அணைத்துவிட்டுப் பார்த்தால் பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். எங்கேனும் ஒரு படம் மங்கலாகத் தெரிந்தால் அது இன்னும் வண்ணப் படமாகவே இருக்கிறது என்று பொருள். இப்படிப் பார்த்ததில் ஏழு படங்கள் சிக்கின. கட்டுரைகளின் உடல் எழுத்துக்கும் இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். சிறிய எழுத்து கறுப்பு மை 100 விழுக்காட்டில் மட்டுமே இருக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால், இயந்திரத்தில் மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழும் பதிவு மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறக் கோடுகள் தெரியும். ஸ்கிரைபஸின் நிறப் பட்டியலில் கறுப்போடு, வெட்டுக் குறிகளுக்கான பதிவு நிறமும் கறுப்பாகவே தெரிகிறது. அதை எழுத்துக்குத் தவறித் தேர்ந்துவிட்டால் நான்கு மையும் முழுமையாக, 400 விழுக்காடாக விழும்.

இதே முன்னோட்டத்தில் மொத்த மை அளவுக்கு ஓர் எல்லை வைத்து, அதைத் தாண்டும் இடங்களைக் காட்டச் சொல்லலாம். ஆர்ட் பேப்பருக்கு 300 விழுக்காடு என்று வைத்தேன். பாடலீஸ்வரர் கோயில் கோபுரத்தை மாலையில் எடுத்த படத்தின் நிழல் பகுதி முழுவதும் அந்த எல்லையைத் தாண்டியது. அவ்வளவு மை விழுந்தால் காய்வதற்கு நேரம் பிடிக்கும். அடுக்கிய தாள்களில் ஒன்றின் மை மற்றொன்றின் முதுகில் ஒட்டும். கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது இந்தத் தொல்லை இன்னும் மிகும். இந்த முன்னோட்டத்துக்குக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற வேறொரு மென்பொருள் தேவை. விண்டோஸில் அதைத் தனியே நிறுவிக்கொள்ள வேண்டும்.

பிடிஎஃப் ஆக்கும் முன் ஸ்கிரைபஸ் தானாகவே ஒரு முன்சோதனை நடத்துகிறது. சட்டத்துக்குள் அடங்காமல் வழிந்த உரை, காணாமல் போன படம், எழுத்துருவில் இல்லாத எழுத்து, நாம் வைத்த எல்லைக்குக் கீழே போன படத் தெளிவு ஆகியவற்றைப் பக்கவாரியாகச் சொல்கிறது. பெற்றோர் அனுப்பிய படங்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியே வந்தவை. 1600 பிக்சல் அகலமுள்ள படத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அச்சிட்டால் ஏறத்தாழ 13.5 செ.மீ. அகலம்தான் கிடைக்கும், முழுப் பக்கத்துக்கு, வெட்டுக்காகச் சுற்றிலும் விடும் 3 மி.மீ. சேர்த்து 216 × 303 மி.மீ. வேண்டும், அதாவது 2551 × 3579 பிக்சல். கணினியில் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் பிக்சல் எண்ணிக்கை கூடுமே தவிர, இல்லாத நுணுக்கம் வந்துவிடாது. அதே வாட்ஸ்அப்பில் படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லி மீண்டும் வாங்கியபோது பல படங்கள் மூல அளவிலேயே கிடைத்தன.

ஸ்கிரைபஸ் செய்யாத ஒரு வேலை பக்க அடுக்கு. 16 பக்கங்களை ஒரு ஃபாரமாக (ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும் தொகுதியாக) முன்பின் அடுக்கித் தரும் வசதி இதில் இல்லை. பக்கங்களை வரிசையாகக் கொடுத்துவிட்டால் அச்சகத்தார் தங்கள் மென்பொருளில் அடுக்கிக்கொள்வார்கள். அது குறையல்ல, அவர்களுடைய இயந்திரத்தின் அளவு அவர்களுக்கே தெரியும். ஆனால் அடுக்கின் கணக்கு வடிவமைப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நடு மடிப்பில் சென்டர் பின் அடிக்கும் 64 பக்க மலரில் நான்கு ஃபாரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக உட்காரும். வெளி ஃபாரத்தில் 1 முதல் 8 வரையும் 57 முதல் 64 வரையும் வரும். நடு ஃபாரத்தில்தான் 25 முதல் 40 வரை தொடர்ச்சியாக 16 பக்கங்கள் கிடைக்கும். ஆகவே வண்ணப் பக்கங்கள் அனைத்தையும் அங்கே கொண்டுபோனேன். மல்டிகலர் செலவு ஒரே ஃபாரத்தோடு முடிந்தது. நடு ஃபாரம் மடிப்பில் வெளியே துருத்திக்கொண்டு கூடுதலாக வெட்டுப்படும் என்பதால், அந்தப் பக்கங்களின் வெளி ஓரத்தில் எழுத்துகளை 5 மி.மீ.க்குப் பதிலாக 8 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தேன்.

இறுதிக் கோப்பை பிடிஎஃப் எக்ஸ்-1ஏ ஆக்கினேன். அதில் எழுத்துருக்கள் உள்ளேயே பதிந்திருக்க வேண்டும், திரைக்குரிய ஆர்ஜிபி நிறம் இருக்கக் கூடாது, ஒளி ஊடுருவும் பகுதிகள் இருக்கக் கூடாது. நிழல் விழும் தலைப்பு ஒன்றில் ஒளி ஊடுருவல் இருப்பதை முன்சோதனை எச்சரித்தது. அந்த நிழலைத் திட நிறமாக மாற்றினேன். எக்ஸ்-4 வகை இதை அனுமதிக்கும் என்றாலும், அச்சகத்தின் பழைய மென்பொருள் அதை ஏற்குமா என்பதில் அவர்களுக்கே உறுதி இல்லை. அச்சுக்கு முந்தைய அமைப்புப் பகுதியில் தகவல் வரி என்ற கட்டம் ஒன்று உண்டு. அதை நிரப்பாவிட்டால் கோப்பு எக்ஸ் தரத்துக்குப் பொருந்தாது. மலரின் தலைப்பை அதில் எழுதிவிட்டால் போதும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 200 படங்களுக்கு மேல் சேர்ந்த ஆவணத்தில் என் எட்டு ஜிபி கணினி தடுமாறியது. படக் காட்சியைக் குறைந்த தெளிவுக்கு மாற்றிய பிறகே வேலை ஓடியது. கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருள், பேஜ்மேக்கர் ஆகியவற்றின் கோப்புகளை இறக்கும் வழி உண்டு. ஆனால் பழைய தமிழ் எழுத்துருக்களோடு வரும் பக்கங்களை அதை நம்பி இறக்காமல், உரையை மாற்றிப் புதிதாக அமைப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும். 1.6-இல் சேமித்த கோப்பை 1.4-இல் திறந்து வேலை செய்ய முடியாது என்பதால், உடன் வேலை செய்பவரும் அதே பதிப்பை வைத்திருக்க வேண்டும்.

பல அச்சகங்களில் பிடிஎஃப் கோப்பைக் கோரல்டிராவில் திறந்து அங்கேயே திருத்தம் செய்யும் பழக்கம் இருக்கிறது. தமிழ் உரை அப்படித் திறக்கும்போதுதான் சிதறுகிறது. எழுத்துகள் முழுவதையும் வெளிக்கோடுகளாக மாற்றி ஏற்றுமதி செய்யும் வசதி ஸ்கிரைபஸில் உள்ளது. அட்டைக்கு அதைப் பயன்படுத்தினேன். உள்பக்கங்களின் 10 புள்ளி எழுத்து அவ்வாறு மாற்றினால் சற்றுத் தடித்துத் தெரியும் என்பதால் எழுத்துருவைப் பதித்தே கொடுத்து, திருத்தம் எதுவாயினும் எனக்குச் சொல்லுங்கள், நானே புதிய பக்கம் அனுப்புகிறேன் என்று அச்சகத்தில் எழுதிக் கொடுத்தேன். பிளேட்டுக்கு முந்தைய மெய்ப்பில் ஒரு மாணவியின் பெயரில் எழுத்துப்பிழை வந்தது. 31-ஆம் பக்கத்தை மட்டும் திருத்தி, ஒற்றைப் பக்க பிடிஎஃப் ஆக்கி அரை மணி நேரத்தில் அனுப்பினேன். பிற பக்கங்களை எவரும் தொடவில்லை. அச்சாகி வந்த மலரை என் திரையோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். மேப்லித்தோ தாளில் கறுப்பு வெள்ளைப் படங்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கருத்திருந்தன. அடுத்த மலருக்கு அவற்றின் நடு நிழல்களை முன்பே வெளுப்பாக்கி வைக்க வேண்டும். வரி ஒன்றும் நகரவில்லை, கொம்பு ஒன்றும் இடம் மாறவில்லை.