கியூவுக்குப் பின்னால் யூ வராத வார்த்தை: இந்த ஆப்புக்கு மூன்று நட்சத்திரம்

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் வீட்டோடு டியூஷன். சாயங்காலம் ஆறு மணிக்கு தார்சாவில் பதினோரு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். எழுத்தைக் கொடுத்தால் இங்கிலீஷ் வார்த்தை தேடித் தருகிற இந்த ஆப்பை நான் விளையாட இறக்கவில்லை. டிக்டேஷனுக்கு வார்த்தை பொறுக்கத்தான் இறக்கினேன்.

டிக்ஷனரியோடு எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. முதல் எழுத்து தெரிந்தால்தான் அது வழி விடும். ஓ-யூ-ஜி-ஹெச் நான்கும் சேர்ந்து நடுவிலோ கடைசியிலோ வருகிற வார்த்தைகள் வேண்டுமென்றால் முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும். அதற்காகவே ஒரு நோட்டுப் போட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிச் சேர்த்தேன். இரண்டு தடவை அட்டை மாற்றியாகிவிட்டது. தமிழில் செய்யுள் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் எப்போதோ வந்து, வழியும் கண்டுபிடித்துவிட்டார்கள். சொல்லுக்குப் பொருள் சொல்கிற பழைய நூலான சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தைப் பார்த்து அடுக்கியது. நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் பார்த்த வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதியில் நான்காவது பகுதியே எதுகைக்குச் சொல் தேடித் தருகிற தொடையகராதிதான்.

இந்த ஆப்பில் நான்கு கட்டம்: தொடக்கம், நடு, முடிவு, மொத்தம் எத்தனை எழுத்து. தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடலாம். நடுக் கட்டத்தில் அந்த நான்கு எழுத்தையும் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்து விழுந்துவிட்டது, சின்ன வார்த்தை முதலில், பெரியது கடைசியில் என்று வரிசையாக. அன்றைக்கே போர்டில் ஆறு வார்த்தை எழுதிப் போட்டேன். தோ, த்ரூ, டஃப், காஃப், பவ், தாட். ஆறிலும் அதே நான்கு எழுத்து, ஆறு விதமான சத்தம். 'இங்கிலீஷ்காரனுக்குக் கிறுக்கா மிஸ்?' என்றான் ஒருத்தன். 'கடல், பகல், தங்கம் மூணுலயும் க ஒண்ணுதாம்ல, சத்தம் ஒண்ணா?' என்று கேட்டதும் அடங்கினான்.

அடுத்தது என் மானம் போன கதை. 'கியூ வந்தா பின்னாலேயே யூ வரும், மாப்பிள்ளையும் பொண்ணும் மாதிரி' என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிக்கொடுத்தேன். மேலப்பாளையத்திலிருந்து வருகிற பையன், 'யூ வராமலே இருக்காதா மிஸ்?' என்றான். இருக்காது என்று சொல்லிக்கொண்டே தட்டினேன். கியூ உள்ள வார்த்தைகளில் யூ உள்ளதைக் கழிக்கவும் ஆப்பில் வசதி உண்டு. ஃபகீர் வந்தது. ஈரான் பக்கம் தரைக்கு அடியில் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்க்குப் பெயர் கனாத், அதுவும் வந்தது. கொஞ்சம் கீழே நிகாப். பையன் போனைப் பிடுங்காத குறை. 'எங்க உம்மா போடுத நிகாபா மிஸ்? அது இங்கிலீஷா?' அரபியிலிருந்து போனதுடா, டிக்ஷனரியிலேயே ஏறிவிட்டது என்றேன். அன்றைக்கு அவன் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிய வார்த்தை அது ஒன்றுதான்.

யாழினி என்கிற பிள்ளைக்கு வேறு ஆசை. அவள் பெயரில் ழவுக்காகப் போடுகிற இசட்-ஹெச் எந்த இங்கிலீஷ் வார்த்தையிலாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். கிடைத்ததில் சொல்லும்படியாக இரண்டு. ஒன்று முஜிக், ருஷ்யக் குடியானவன். இன்னொன்று ஜோ, யாக் எருமைக்கும் மாட்டுக்கும் பிறந்த இமயமலைக் கலப்பு மாடு. இரண்டிலும் ழ சத்தம் கிடையாது. அவள் முகம் தொங்கிவிட்டது. ஆப்பின் குற்றமில்லை, நம் எழுத்துக்கு அவர்கள் ஊரில் ஆளில்லை.

இனி குறைகள்.

இதிலுள்ள பட்டியல் பிள்ளைகளுக்காகப் போட்டதல்ல, எழுத்துக் கட்டைகளை அடுக்கி வார்த்தை கட்டுகிற ஸ்கிராபிள் ஆடுகிறவர்களுக்கானது. அந்த ஆட்டத்தில் நூறு கட்டையில் கியூ ஒன்றே ஒன்று, அதற்குப் பத்துப் புள்ளி. யூ நான்குதான். யூ எல்லாம் போர்டில் இறங்கியபின் கையில் கியூ மாட்டினால் யூ இல்லாத வார்த்தைதான் தப்பிக்க வழி. அதனால்தான் ஊர் உலகத்தில் எவரும் பேசாத வார்த்தையெல்லாம் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. ஏ-ஏ என்று இரண்டே எழுத்தில் ஒரு வார்த்தை, சொரசொரப்பான எரிமலைக் குழம்புக்குப் பெயராம். இதை ஏழாம் வகுப்புக்கு எப்படி டிக்டேஷன் போட? பழக்கத்திலுள்ள வார்த்தையை மட்டும் காட்டு என்று ஒரு பொத்தான் வைத்திருக்கலாம். கெட்ட வார்த்தைகளையும் வடிகட்டவில்லை. ஒரு நாள் நான்கெழுத்தில் ஒன்று மேலே வந்து நின்றது, போனைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டேன். அதிலிருந்து காலையிலேயே நான் தேடி, தாளில் எழுதி வைத்துக்கொள்வது. பிள்ளைகள் கையில் போனைக் கொடுப்பதில்லை.

விளம்பரம் பெரிய தலைவலி. நான்கு தடவை தேடினால் அரை நிமிஷம் ரம்மி விளம்பரம், அதுவும் சத்தத்தோடு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, 'என்ன டீச்சர், சீட்டுக் கச்சேரியா?' என்று கேட்டுவிட்டார். நிறுத்த வேண்டுமானால் வருஷத்துக்கு 399 ரூபாய். கட்டலாமா என்று இருந்தபோது கார்த்திகை மழையில் கரண்டும் நெட்டும் சேர்ந்து போயின. சும்மா தட்டிப் பார்த்தேன். தேடல் ஓடியது, விளம்பரம் வரவில்லை! வார்த்தைப் பட்டியல் போனுக்குள்ளேயே இருக்கிறது, விளம்பரத்துக்குத்தான் நெட் வேண்டும் போல. அன்றிலிருந்து டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் தேடுகிறேன். அப்படிச் செய்தால் அர்த்தம் வராது. அது வந்தாலும் இங்கிலீஷில் ஒரே வரி, தமிழ் கிடையாது. ஆகவே அர்த்தத்துக்கு மறுபடியும் அதே தடிமன் டிக்ஷனரியை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். இப்போது முதல் எழுத்து தெரியும் என்பதால் அதோடு சண்டையில்லை.

தேடும் வேகத்துக்கும் கேள்விக்குறிக்கும் கழிக்கிற வசதிக்குமாக மூன்று நட்சத்திரம். கெட்ட வார்த்தைக்கு வடிகட்டி வைத்தால் நான்காவதைப் போடுகிறேன். ஐந்தாவதை 399 ரூபாயைக் குறைத்துவிட்டுக் கேட்கட்டும்.